பிக்கப் வண்டியின் முன் நம்பர் பிளேட் ஆடுகிறதா? ஸ்குருவை முறுக்கும் முன் பார்க்க வேண்டியவை

பினாங்கில் சொந்தத் தொழிலுக்காக முதன்முறையாகப் பிக்கப் வாங்குபவர்கள் பெரும்பாலும் பழைய வண்டியைத்தான் வாங்குகிறார்கள். அந்த வண்டி கைக்கு வந்த சில மாதங்களிலேயே கண்ணில் படும் சிறு கோளாறுகளில் ஒன்று, முன் நம்பர் பிளேட் ஆடுவது. சிவப்பு விளக்கில் வண்டி நிற்கும்போது முன்பக்கத்திலிருந்து டர்ரென்று ஒரு சத்தம் எழும். வேகம் பிடித்ததும் நின்றுவிடும். செலவு வைக்கும் கோளாறு அல்ல என்பதால் பலர் தள்ளிப்போடுகிறார்கள். வேறு சிலர் கையில் கிடைத்த ஸ்குருடிரைவரால் இருக்கிற ஸ்குருவை இன்னும் ஒரு சுற்று முறுக்கிவிட்டுப் போகிறார்கள். தள்ளிப்போடுவதைவிட இப்படி முறுக்குவதுதான் அதிகக் கேடு செய்கிறது. பிளேட் வெடிப்பதும், பம்பரில் ஸ்குரு பிடித்திருந்த துளை தேய்ந்து வழுக்குவதும், பிறகு ஒரு நாள் பிளேட் சாலையில் விழுந்து தொலைவதும் பெரும்பாலும் அந்த ஒரு சுற்றில்தான் தொடங்குகின்றன. எந்த இடம் ஆடுகிறது என்பதைக் கண்டுபிடித்த பிறகே ஸ்குருவைத் தொட வேண்டும் என்பதை இந்தக் கட்டுரை முழுவதும் வலியுறுத்துகிறேன்.

முதலில் சட்டம். மலேசியாவில் ஒவ்வொரு வாகனத்தின் முன்னும் பின்னும் பதிவு எண் தெளிவாகத் தெரிய வேண்டும். இதற்கான விதிகள் 1959ஆம் ஆண்டின் மோட்டார் வாகனப் பதிவு மற்றும் உரிம விதிகளிலும், அவற்றை நடைமுறைப்படுத்தும் அதிகாரம் 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்திலும் உள்ளன. சாதாரணத் தனியார் வாகனத்துக்குக் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து; எழுத்தின் உயரம் 70 மி.மீ., அகலம் 40 மி.மீ., கோட்டின் தடிப்பு 10 மி.மீ., எழுத்துக்கு எழுத்து இடைவெளி 10 மி.மீ., எழுத்துத் தொகுதிக்கும் எண் தொகுதிக்கும் நடுவே 30 மி.மீ. என்பது சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே வகுத்துள்ள அளவு. பிளேட்டை இறுக்கும்போது இந்த அளவுகளை மறக்கக் கூடாது. எழுத்தின் குறுக்கே கேபிள் டை கட்டினாலோ, பளபளக்கும் போல்டுத் தலை ஓர் எழுத்தை ஒட்டி அமர்ந்து அதன் வடிவத்தை மாற்றினாலோ, பிளேட் உறுதியாக இருந்தும் பயனில்லை. பேரங்காடிகளின் கார் நிறுத்துமிடங்களில் எண்ணைப் படித்துத் தடுப்பைத் திறக்கும் கேமராக்கள் வந்துவிட்ட பிறகு, சாய்ந்து தொங்கும் பிளேட்டால் நுழைவாயிலிலேயே சிக்கிக்கொள்ளவும் நேரும்.

பிக்கப்பில் இந்தக் கோளாறு ஏன் அதிகம் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. பாரம் ஏற்றுவதற்காகப் பின்னால் கெட்டியான பட்டை ஸ்பிரிங்குகள் பொருத்தப்பட்டிருப்பதால், பாரம் இல்லாமல் ஓடும்போது வண்டி காரைவிட அதிகமாகக் குதிக்கிறது. டீசல் இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது உண்டாகும் அதிர்வு முன்பகுதி முழுவதும் பரவுகிறது. அந்த அதிர்வைத் தாங்க வேண்டிய இடத்தில் இருப்பதோ மெல்லிய பிளாஸ்டிக் பம்பர்; அதன்மேல் இரண்டு சிறிய ஸ்குருக்களில் நிற்கும் அக்ரிலிக் பலகை. நிபோங் திபால் பக்கம் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் தினமும் ஓடும் வண்டிக்கும், பாலிக் புலாவ் மலைப்பாதையில் ஏறி இறங்கும் வண்டிக்கும் இந்தச் சோதனை இரட்டிப்பு. போதாக்குறைக்குக் கடல் காற்று வேறு. 13.5 கிலோமீட்டர் நீளப் பினாங்குப் பாலத்தைத் தினமும் கடக்கும் வண்டியின் முன் ஸ்குருக்களில், சாதாரண இரும்பாக இருந்தால், துரு மிக விரைவில் தெரியும்.

எந்த இடம் ஆடுகிறது?

வெளியிலிருந்து பார்க்க ஒரே பொருளாகத் தெரிந்தாலும் இதில் நான்கு அடுக்குகள் உள்ளன. முதலாவது, பலகையின்மேல் ஒட்டப்பட்ட எழுத்துகள். இரண்டாவது, பலகை. மூன்றாவது, பலகையைத் தாங்கும் பிளாஸ்டிக் சட்டம் அல்லது இரும்புத் தகடு. இதை ஹோல்டர் என்கிறோம். நான்காவது, அந்த ஹோல்டர் பிடித்திருக்கும் பம்பர். ஆட்டம் எந்த இரண்டு அடுக்குகளுக்கு நடுவே இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் வேலை அமையும்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிடுங்கள். சாவி உள்ளே இருந்தால் சில வண்டிகளில் குளிர்சாதனத்துக்கான மின்விசிறி திடீரென்று சுற்றத் தொடங்கும். கிரில்லுக்குள் விரல் விடும் வேலை இது என்பதால் இந்த எச்சரிக்கையை இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பிறகு ஒரு கையால் ஹோல்டரைப் பம்பரோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பலகையின் ஓரத்தை முன்னும் பின்னும் அசையுங்கள். பலகை மட்டும் அசைந்தால் கோளாறு பலகைக்கும் ஹோல்டருக்கும் இடையில். அடுத்து ஹோல்டரைப் பிடித்து அசையுங்கள். அதுவும் பலகையும் ஒன்றாகச் சேர்ந்து அசைந்து, பம்பர் அசையாமல் நின்றால், ஹோல்டரின் ஸ்குருக்கள் பிடி இழந்துவிட்டன என்று பொருள். பம்பரே சேர்ந்து அசைந்தால் பம்பரின் கிளிப்புகளோ உள்ளிருக்கும் தாங்குதகடுகளோ உடைந்திருக்கலாம். பழைய வண்டிகளில் முன் உரிமையாளர் எங்கோ இலேசாக மோதியதன் மிச்சமாக இது இருப்பதுண்டு.

கைக்குத் தட்டுப்படாத ஆட்டத்தைக் கண் காட்டிக்கொடுக்கும். கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு பலகையின் பின்புறத்தைக் கீழிருந்து பாருங்கள். இரண்டு பொருள்கள் ஓயாமல் உராயும் இடத்தில் பிளாஸ்டிக் வழவழப்பாகத் தேய்ந்து, அதன் விளிம்பில் கறுப்புப் பொடி படிந்திருக்கும். ஸ்குருத் துளையிலிருந்து பலகையின் ஓரம் நோக்கி முடியளவு வெள்ளைக் கோடு ஓடினால் அது அக்ரிலிக்கில் தொடங்கிவிட்ட வெடிப்பு. அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டால் பழைய பலகையை இறுக்கும் எண்ணத்தைக் கைவிட்டு, புதிய பலகை செய்துகொள்வதே நல்லது. வெடிப்பை ஒட்டுப்பசையால் நிரப்பினாலும் அடுத்த வெயிலில் அது மேலும் நீளும்.

சத்தம் மட்டும் வருகிறது, எதுவும் ஆடுவதாகத் தெரியவில்லை என்றால், வேறொருவரை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, கியரை நியூட்ரலில் போட்டுக் கைப்பிரேக்கையும் இழுத்த பிறகு, குளிர்சாதனத்துடன் இன்ஜினை ஓடவிடச் சொல்லுங்கள். வண்டிக்கு நேர் முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்று, பலகையின் நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாக விரலால் மெல்ல அழுத்துங்கள். எந்த மூலையை அழுத்தும்போது சத்தம் நிற்கிறதோ அந்த மூலைக்குப் பின்னால்தான் இடைவெளி உள்ளது. அங்கே ஒரு சிறு நுரை அட்டையை வைத்தால் போதும். ஸ்குருவைத் தொடவே வேண்டியதில்லை.

என்ன வாங்க வேண்டும்?

பெரும்பாலான பிக்கப்புகளில் எம்6 போல்டும் (6 மி.மீ. பருமனுள்ளது) அதற்குரிய 10 மி.மீ. ஸ்பேனரும் பொருந்தும். ஆனால் பழைய வண்டியில் முன் உரிமையாளர் எதை மாட்டினாரோ தெரியாது என்பதால், ஒரு போல்டைக் கழற்றிக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்வதே பாதுகாப்பு. பினாங்கில் ஒரு முடிவை மட்டும் உறுதியாக எடுக்கச் சொல்வேன்: துருப்பிடிக்காத எஃகு போல்டுகளையே வாங்குங்கள். அதிலும் இரண்டு தரங்கள் உண்டு. 304 என்பது பொதுவானது. 316 என்பதில் மாலிப்டினம் கலந்திருப்பதால் கடல் உப்பை அது கூடுதலாகத் தாங்கும். அறுகோணத் தலையுள்ள போல்டில் முதல் வகைக்கு ஏ2 என்றும் இரண்டாம் வகைக்கு ஏ4 என்றும் தலையிலேயே பொறித்திருப்பார்கள். கடையில் கேட்கும்போது அளவையும் தரத்தையும் சேர்த்துக் கேளுங்கள்: “அண்ணே, எம்6 போல்டு, இருபத்தஞ்சு மில்லி நீளம், முந்நூத்திப் பதினாறு ஸ்டெயின்லெஸ் இருக்கா?” என்று கேட்டால், “முந்நூத்தி நாலுதான் இருக்கு தம்பி, அதுவே போதும்” என்ற பதில் வரக்கூடும். உங்கள் வண்டி பெருநிலப் பக்கம் உள்ளூரில் ஓடுவதானால் அது போதும்தான். தஞ்சோங் தோக்கோங், பாத்து பெரிங்கி போன்ற கடலோரப் பகுதிகளில் இரவெல்லாம் வெளியில் நிற்கும் வண்டியானால் வேறு கடையில் தேடுவது வீண் அலைச்சல் ஆகாது.

போல்டுகளுடன் நைலாக் நட்டுகளும் வேண்டும். நட்டின் உள்ளே ஒரு நைலான் வளையம் இருக்கும். அது மரையை இறுகக் கவ்விக்கொள்வதால் அதிர்வில் நட்டு தானாகச் சுழன்று கழலாது. போல்டின் முனை அந்த நைலான் வளையத்தைத் தாண்டி இரண்டு மரையாவது வெளியே தெரிந்தால்தான் அந்தப் பிடி கிடைக்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். பலகையின் முகப்பில் வைப்பதற்கு அகலமான வாஷர்கள், அவற்றுக்கு அடியில் வைக்க நைலான் அல்லது ரப்பர் வாஷர்கள், இரண்டு அல்லது மூன்று மி.மீ. தடிப்புள்ள நுரை அட்டை, கறுப்பு நிற போல்டு மூடிகள் ஆகியவற்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். மூடிகளைக் கறுப்பில் வாங்கச் சொல்வதற்குக் காரணம், வெள்ளை மூடி தூரத்திலிருந்து ஓர் எழுத்தின் பகுதியாகத் தோன்றும் என்பதே.

போல்டு தானாகக் கழலாமல் இருக்க மரையில் தடவும் நீலப் பசையைப் பலர் பரிந்துரைப்பார்கள். இரும்போடு இரும்பு சேரும் இடத்தில் அது நல்ல பொருள். அக்ரிலிக் பலகை, பிளாஸ்டிக் ஹோல்டர் இவற்றின் அருகில் அதைக் கொண்டுவரவே கூடாது. அந்தத் திரவம் கசிந்து, ஏற்கெனவே அழுத்தத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கைத் தொட்டால், துளையைச் சுற்றிச் சிலந்தி வலைபோல் மெல்லிய வெடிப்புகள் பரவும். தின்னர், பெட்ரோல் ஆகியவற்றுக்கும் இதே தடை பொருந்தும். அதனால்தான் இங்கே பசையை விடுத்து நைலாக் நட்டைச் சொல்கிறேன்.

கழற்றுவது

காலையில், வெயில் ஏறும் முன், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது தொடங்குங்கள். தொடங்கும் முன் கைப்பேசியில் முன்பக்கத்தை ஒரு படம் எடுத்து வையுங்கள். பலகை எந்த உயரத்தில் இருந்தது என்பது பிறகு தேவைப்படும். சவர்க்காரத் தண்ணீரால் மண்ணையும் பூச்சிக் கறையையும் கழுவி விடுங்கள். மணல் ஒட்டியிருக்கும்போது கழற்றினால் பம்பரின் பெயின்டில் கீறல் விழும்.

துருப்பிடித்த ஸ்குருவின் மேல் துரு எண்ணெயைத் தெளிக்க வேண்டியிருந்தால், பலகையின்மேல் படாதவாறு துணியால் மறைத்துக்கொண்டு, பின்புறத்தில் உள்ள மரையில் மட்டும் படும்படி தெளித்து, கால் மணி நேரம் ஊறவிடுங்கள். ஸ்குருடிரைவரின் முனை தலையின் பள்ளத்தில் முழுமையாக உட்கார வேண்டும். முனை சிறியதாக இருந்தால் முதல் வழுக்கலிலேயே பள்ளம் மழுங்கிவிடும். மழுங்கிய ஸ்குருவோடு போராடுவதைவிட, தண்டைவிடச் சற்றுப் பெரிய டிரில் முனையால் தலையைக் குடைந்து எடுத்துவிட்டு, எஞ்சிய தண்டைக் குறட்டால் பிடித்துச் சுழற்றுவது எளிது.

பலகை மட்டும் ஆடினால்

எளிதான வகை இதுதான், ஆனால் அதிகமானோர் பலகையை உடைப்பதும் இங்கேதான். அக்ரிலிக் வெப்பத்தில் விரிவது இரும்பைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு அதிகம். அரை மீட்டர் நீளமுள்ள கறுப்புப் பலகை, மழைக்குப் பின் 25 டிகிரியில் இருந்து நண்பகல் வெயிலில் 65 டிகிரிக்குச் சூடேறுகிறது என்று வைத்துக்கொண்டால், அது சுமார் 1.4 மி.மீ. நீளும். துளை போல்டின் பருமனுக்குச் சரியாக இருந்து, போல்டும் அசைய முடியாதபடி முறுக்கப்பட்டிருந்தால், அந்த நீட்சிக்குப் போக இடமில்லை. துளையின் விளிம்பில்தான் அது வெடிப்பாக வெளிப்படும். ஆகவே 6 மி.மீ. போல்டுக்குப் பலகையில் 7 முதல் 8 மி.மீ. வரை துளை இருக்க வேண்டும். துளையைப் பெரிதாக்கிவிட்டு ஆட்டத்தை எப்படி நிறுத்துவது என்று தோன்றும். ஆட்டத்தை நிறுத்துவது துளையின் இறுக்கம் அல்ல, அகலமான வாஷரின் அழுத்தமும் பின்னால் வைக்கும் நுரை அட்டையும்தான்.

துளையைப் பெரிதாக்கப் புதியவர்கள் டிரில்லைவிட உருண்டை அரத்தையே பயன்படுத்தலாம் என்பது என் கருத்து. நேரம் சற்றுக் கூடும், ஆனால் பலகை பிழைக்கும். டிரில்தான் என்றால், துளையின் இருபுறமும் ஒட்டுக்காகிதம் ஒட்டி, அடியில் ஒரு மரத்துண்டை வைத்து, மெதுவான வேகத்தில், அழுத்தாமல் குடையுங்கள். முனை மறுபுறம் வெளிவரும் கடைசி நொடியில்தான் அக்ரிலிக் கவ்விக்கொண்டு பிளக்கும். மரத்துண்டு அதைத் தடுக்கத்தான். குடைந்த பிறகு துளையின் விளிம்பை மெல்லிய உப்புத்தாளால் வழித்து விடுங்கள். விளிம்பில் விட்டுவைத்த சிறு பிசிறும் பின்னாளில் வெடிப்புக்கு வாசலாகும்.

பலகையின் பின்புறத்தில், மூலைக்கு ஒன்றாக நான்கும் நடுவில் ஒன்றுமாக நுரைத் துண்டுகளை ஒட்டுங்கள். முழு நீளத்துக்கும் ஒரே பட்டையாக ஒட்ட வேண்டாம். அதன் மேல் மழைத்தண்ணீர் தேங்கும். பிறகு போல்டு, அகல வாஷர், நைலான் வாஷர், பலகை, ஹோல்டர், மறுபடி வாஷர், நைலாக் நட்டு என்ற வரிசையில் கோத்து, எல்லாப் போல்டுகளையும் முதலில் கையாலேயே பாதிவரை ஏற்றுங்கள். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் பலகை கோணலாக உட்காரும். ஸ்பேனரால் மாற்றி மாற்றி இறுக்கிக்கொண்டே வந்து, வாஷர் பலகையைத் தொட்டு விரலால் சுழற்ற முடியாத நிலைக்கு வந்ததும், இன்னும் கால் சுற்று மட்டும் முறுக்கி நிறுத்துங்கள். எம்6 போல்டின் ஒரு மரை 1 மி.மீ.; கால் சுற்று என்றால் கால் மில்லிமீட்டர். நுரை சற்று அமுங்கி, பலகை நேராக நிற்க அந்த அளவு போதும். இறுக்கும்போது பலகையின் முகப்பில் பிரதிபலிக்கும் வெளிச்சத்தைக் கவனியுங்கள்: நேராக இருந்த வெளிச்சக் கோடு வாஷரின் அருகே வளையத் தொடங்கினால், அளவு மீறிவிட்டது, சற்றுத் தளர்த்துங்கள்.

துருப்பிடிக்காத எஃகுப் போல்டில் அதே எஃகு நட்டை வேகமாக ஏற்றினால் மரைகள் ஒன்றையொன்று கடித்துப் பூட்டிக்கொள்வதுண்டு. பவர் டிரில்லால் ஏற்றாமல் கையால் மெதுவாக ஏற்றுங்கள். மரையில் கடுகளவு கிரீஸ் தடவினால் இன்னும் நல்லது.

ஹோல்டர் பம்பரிலிருந்து ஆடினால்

உண்மையான வேலை இங்கேதான். ஹோல்டரைப் பம்பரோடு பிடித்திருப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக்கில் நேராக இறக்கிய ஸ்குரு. நான்கைந்து முறை கழற்றி மாட்டினாலே அந்தத் துளை தேய்ந்து, ஸ்குரு எவ்வளவு சுற்றினாலும் பிடிக்காமல் வழுக்கும். இதற்குச் சில பட்டறைகளில் சொல்லப்படும் உடனடித் தீர்வு, இன்னும் தடித்த, இன்னும் நீளமான ஸ்குருவை அதே துளையில் இறக்குவது. தயவுசெய்து இதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். தடித்த ஸ்குரு பம்பரைப் பிளக்கும். நீளமான ஸ்குரு எங்கே போய் நிற்கும் என்பது வெளியிலிருந்து தெரியாது. பம்பருக்குப் பின்னால், வண்டியைப் பொறுத்து, குளிர்சாதனத்தின் கண்டென்சர், இன்டர்கூலர், சென்சார்களின் கம்பிகள் இருக்கும். கண்டென்சரில் ஒரு சிறு துளை விழுந்தால் வாயு முழுவதும் வெளியேறிவிடும். சில ரிங்கிட்டில் முடிய வேண்டிய வேலை பல நூறு ரிங்கிட் செலவாக மாறுவது இப்படித்தான்.

ஆகவே முதலில் ஆழத்தை அளந்து பாருங்கள். மெல்லிய கம்பி ஒன்றைத் துளைக்குள் மெதுவாக விட்டு, எதிலாவது முட்டும் இடத்தில் நகத்தால் குறித்து வெளியே எடுத்து அளந்துகொள்ளுங்கள். நீங்கள் பயன்படுத்தப் போகும் போல்டின் முனை அந்த அளவுக்குக் குறைந்தது 20 மி.மீ. முன்னதாகவே நின்றுவிட வேண்டும். மோதலிலோ அதிர்விலோ பம்பர் உள்நோக்கி அமுங்கும் என்பதால் இந்த இடைவெளி தேவை.

பம்பரின் பின்புறத்துக்குக் கை எட்டினால் அதைவிட நல்ல வழி இல்லை. துளையின் பின்னால் சிறிய அலுமினியப் பட்டை அல்லது கெட்டிப் பிளாஸ்டிக் துண்டு ஒன்றை வைத்து, போல்டை முன்னிருந்து பின்னாக ஊடுருவச் செய்து, நைலாக் நட்டால் பிடித்துவிடுங்கள். அந்தத் துண்டு பாரத்தைப் பரந்த பரப்பில் பகிர்வதால் மெல்லிய பம்பரும் தாங்கும். கீழே உள்ள மண்தடுப்புத் தகட்டின் சில போல்டுகளைக் கழற்றினால் பல வண்டிகளில் கை எட்டும்.

கை எட்டாவிட்டால் வெல்நட் எனப்படும் ரப்பர் நட்டு நல்ல மாற்று. வெளியிலிருந்து துளைக்குள் செருகி, போல்டை முறுக்கும்போது பின்புறத்தில் ரப்பர் குமிழாக உப்பி, பம்பரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளும். ரப்பராக இருப்பதால் அதிர்வையும் அது உறிஞ்சும். பம்பர் பிளாஸ்டிக்குக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதையே. துளையின் அளவு பொட்டலத்தில் எழுதியிருக்கும். அதைவிட ஒரு மில்லிமீட்டர் பெரிதாகக் குடைந்தாலும் நட்டு உள்ளேயே சுழலும், எனவே சிறிய முனையில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்குங்கள். ரிவெட் நட்டு என்பது இன்னொரு வகை. இரும்புத் தகட்டுக்கு அது சிறப்பாகப் பொருந்தும், மெல்லிய பிளாஸ்டிக்கில் அவ்வளவாகப் பொருந்தாது. இரும்பில் துளையிட்டால் விளிம்புக்கு உடனே துருத்தடுப்புப் பெயின்ட் பூசுங்கள், இல்லாவிட்டால் போல்டு துருப்பிடிக்காமல் இருக்க, அதைச் சுற்றியுள்ள தகடு துருப்பிடிக்கும்.

பம்பரே ஆடினால் எண் பலகையை விட்டுவிடுங்கள். கிளிப்புகள் உடைந்த பம்பரில் எவ்வளவு நன்றாகப் பலகையைப் பொருத்தினாலும் ஆட்டம் நிற்காது. பட்டறையில் பம்பரைச் சரிசெய்த பிறகே இந்த வேலைக்குத் திரும்ப வேண்டும். முன்பக்கம் இரும்புக் குழாய்த் தடுப்பு பொருத்திய வண்டியானால், குழாயைச் சுற்றிப் பிடிக்கும் ரப்பர் பதித்த கிளாம்புகள் கிடைக்கும். குழாய் எழுத்துகளை மறைக்காத உயரத்தில் அவற்றைப் பொருத்துங்கள்.

இரட்டைப்பக்க டேப் போதுமா?

ஸ்குரு இல்லாமல் டேப் மட்டும் ஒட்டினால் சுத்தமாகத் தெரியும் என்பதால் பலருக்கும் இந்த ஆசை வரும். வாகனங்களுக்கென்று செய்யப்பட்ட தரமான அக்ரிலிக் நுரை டேப் உண்மையிலேயே வலிமையானது. ஆனால் அது ஒட்டியவுடன் முழு வலிமை பெறுவதில்லை: சாதாரண வெப்பநிலையில் 20 நிமிடத்தில் பாதி, 24 மணி நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு, முழு வலிமைக்கு 72 மணி நேரம். ஒட்டிய அன்றே மழையில் ஓட்டியவர்களின் பலகைதான் பெரும்பாலும் விழுகிறது. மேலும் டேப் சமமான பரப்பைக் கேட்கிறது; பிக்கப்பின் பம்பரோ பெரும்பாலும் வளைந்தது, சில மாடல்களில் சொரசொரப்பான பெயின்ட் பூசாத பிளாஸ்டிக். அந்தப் பிளாஸ்டிக்கில் எந்த டேப்பும் எளிதில் ஒட்டாது. ஆகவே டேப்பைப் போல்டுக்குத் துணையாக, ஆட்டத்தையும் சத்தத்தையும் அடக்குவதற்காக மட்டும் பயன்படுத்துங்கள்.

நேராக நிறுத்துவதும் பிறகு பார்ப்பதும்

இறுதியாக இறுக்கும் முன் இரண்டடி பின்னால் நின்று பார்த்தால் போதாது. வண்டியின் முன்னால் ஐந்தாறு மீட்டர் தள்ளி நின்று, பலகையின் கீழ் விளிம்பைக் கிரில்லின் கீழ்க்கோட்டோடு ஒப்பிடுங்கள். தரை சரிவாக இருக்கலாம் என்பதால் தரையோடு ஒப்பிடக் கூடாது. பலகை வானத்தைப் பார்த்தோ தரையைப் பார்த்தோ சாயாமல் செங்குத்தாக நிற்க வேண்டும். பார்க்கிங் சென்சாரையோ, இழுவைக் கொக்கியின் மூடியையோ அது மறைக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் கரடுமுரடான சாலையில் சிறிது தூரம் ஓட்டிவந்து, ஒவ்வொரு போல்டையும் தொட்டுப் பாருங்கள். நுரை அமுங்கி உட்காருவதால் முதல் வாரத்தில் சிறு தளர்வு இருப்பது இயல்பு. ஒரு வாரம் கழித்து அதே கால் சுற்று அளவுக்குள் சரிசெய்துகொள்ளலாம். நட்டுக்கும் போல்டு முனைக்கும் குறுக்கே பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்தால், நட்டு நகர்ந்திருக்கிறதா என்பது கண்ணாலேயே தெரியும். அழுத்தத் தண்ணீரால் வண்டி கழுவும் இடங்களில் குழலின் முனையைப் பலகைக்கு மிக அருகில் பிடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒட்டிய எழுத்துகளின் ஓரம் முதலில் எழும்புவது அங்கேதான். எழுத்து ஒன்றே ஒன்று விழுந்தாலும் பலகை செல்லாததுதான்.

வெள்ளத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2017 நவம்பரில் பினாங்கைச் சூழ்ந்த வெள்ளத்தை நேரில் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தேங்கிய தண்ணீருக்குள் வண்டி நகரும்போது, முன்னால் குவியும் தண்ணீர் பலகையின் கீழ் விளிம்பைப் பிடித்து மேல்நோக்கி நெம்புகிறது. உயரமான பிக்கப் என்ற துணிவில் வேகமாகச் சென்றால், நன்றாகப் பொருத்திய பலகையும் பிய்ந்து போகலாம். செல்லாமல் இருப்பதே முதல் அறிவுரை. தவிர்க்க முடியாமல் கடந்துவிட்டால், கரையேறியதும் ஓரமாக நிறுத்தி முன் பலகை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

பலகை தொலைந்துவிட்டால், வேறொருவர் அதைத் தவறாகப் பயன்படுத்தக்கூடும் என்பதால் காவல் நிலையத்தில் புகார் செய்து நகலை வைத்துக்கொள்ளுங்கள். புதிய பலகை செய்யும் கடைக்கு வண்டியின் பதிவுப் பத்திர நகலை எடுத்துச் செல்லுங்கள். எழுத்தின் அளவும் இடைவெளியும் மேலே சொன்னபடி இருக்கின்றனவா என்று கடையிலேயே அளந்து பார்த்து வாங்குங்கள். போல்டுத் துளைகளையும் உங்கள் ஹோல்டரின் இடைவெளிக்கு ஏற்றபடி, 7 மி.மீ. அளவில், அங்கேயே போட்டுத் தரச் சொல்லலாம். இரண்டு எம்6 போல்டுகள், நைலாக் நட்டுகள், வாஷர்கள், ஒரு 10 மி.மீ. ஸ்பேனர் ஆகியவற்றைச் சிறு பையில் போட்டு டேஷ்போர்டு பெட்டியில் வைத்துக்கொண்டால், வழியில் ஒரு பக்கம் கழன்று தொங்கும்போது அங்கேயே மாட்டிக்கொண்டு வீடு வரலாம்.